செலினின் தட்டுப் பாட்டு

புதுச்சேரியில் செலின் என்றொரு கிட்டார் கலைஞர் இருந்தார். மாதா கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, சென்னை ஓட்டல்களிலும் கப்பல்களிலும் ஜாஸ் வாசித்தவர். தமிழில் ப்ளூஸ் என்னும் சோகப் பாட்டுகள் எழுதிப் பாடினார். இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. அதிகம் விற்கவில்லை.

அவருடைய சீடர் அம்பலவாணன் அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தபால் அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கிட்டார் கற்க வந்தார். செலினை ‘டீச்சர்’ என்பார். செலின் அவரை ‘சார்’ என்பார்.

ஒருநாள் கச்சேரிக்காக இருவரும் பஸ்ஸில் தரங்கம்பாடிக்குப் போனார்கள். சிதம்பரத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. பெண்கள் கைதட்டிப் பாடத் தொடங்கினார்கள்.

அது செலினின் பாட்டு. கணவர் இறந்த வருடம் எழுதியது.

‘போன ரயிலு வந்திருச்சு, போன ஆளு வரலையே,
அவன் தட்டுல பிள்ளைக்குச் சோறு போட்டேன்.’

அம்பலவாணன் எழுந்துவிட்டார்.

“அம்மா, கடைசி வரி தப்பு. ‘அவன் தட்டைக் கழுவிக் கவுத்து வச்சேன்’னுதான் வரும்.”

“எங்க சித்தி இப்படித்தான் பாடும்,” என்றாள் பச்சைப் புடவைக்காரி. “இது யாரு பாட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அம்பலவாணன் வாய் திறந்தார். செலின் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கிட்டாரை உறையிலிருந்து எடுத்தார்.

“இன்னொரு தரம் பாடுங்க.”

அவர்கள் பாடினார்கள். செலின் வாசித்தார். கடைசி வரியை மட்டும் மறுபடி மறுபடி பாடச் சொன்னார். சீர்காழியில் கூட்டம் இறங்கியது.

“நல்லா வாசிக்கிறீங்கக்கா,” என்றாள் பச்சைப் புடவைக்காரி. செலினுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அன்று மாலை மேடையில் செலின் அந்தப் பாட்டைப் பாடினார். கடைசி வரியில், அந்தப் பெண்களைப் போல, தட்டில் சோறு போட்டே பாடினார். முன்வரிசையில் ஒரு முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கச்சேரி முடிந்தபின்னும் அம்பலவாணனுக்கு மனம் ஆறவில்லை.

“அவங்கதான் மாத்திட்டாங்க. நீங்களுமா, டீச்சர்? அது நீங்க அழுது எழுதின வரியாச்சே. அதுல என்ன தப்பு?”

செலின் கிட்டாரைத் துடைத்து உறையில் வைத்தார்.

“தப்பில்லை, சார். ஆனா மறுநாளும் அந்த வீட்ல பசிச்சிருக்கும்ல? அதை நான் எழுதலை.”