கருநாக்கன் குடித்த மூன்று மிடறு

முன்னொரு காலத்தில், மலைகளுக்கு யாரும் இன்னும் பெயர் வைத்திராத காலத்தில், ஒரு மலை உச்சியில் கருநாக்கன் என்றொரு மந்திரவாதி இருந்தான். அவன் நாக்கு அடுப்புக்கரி நிறம். அதில் வந்த சொல் அப்படியே பலித்துவிடும். அதனால் அளந்துதான் பேசுவான்.

அடிவாரத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு தோப்பி வடிப்பார்கள். முளைவிட்ட கேழ்வரகை வறுத்து, ஊறப்போட்டு, நுரை கட்டி வரும் கறுத்த மது அது. முறை வைத்து மலைக்கு ஒரு பானை போகவேண்டும். ருசி பிசகினால், கொண்டுபோனவரே பானையாகி அவன் கூடத்தில் உட்காரவேண்டியதுதான்.

அப்படித்தான் இருளப்பன் போனான். தோப்பியில் லேசாகப் புகை நாற்றம். ஒரு சொல், பானையாகிவிட்டான்.

அவன் மனைவி சிலம்பாயி மலையேறினாள். கருநாக்கன் அப்போது வேறோர் ஊர்த் தோப்பியை ருசித்துக்கொண்டிருந்தான். ருசிக்கும்போது மட்டும் அவன் நாக்கு அவனுக்கே அடங்காது. "சுக்கு. கருப்பட்டி. அப்புறம்… சீ, எலி விழுந்திருக்கு" என்றான். கிண்ணத்திலிருந்து ஓர் எலி குதித்து ஓடியது.

அது மறையும் வரை சிலம்பாயி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னட்டி வேணும்?"

"என் வீட்டுக்காரர், சாமி."

இருளப்பன் ஆகியிருந்த பானையை அவன் காலால் தள்ளினான். "இதுலயே வடிச்சுக் கொண்டா. இருட்டா இருக்கணும். மூணு மிடறுல தலை சுத்தணும். குறை இருந்தா அவன் பக்கத்துல நீ."

சொல் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பானையை விரலால் தட்டினாள். "இருக்கியளா?"

ணங் என்றது பானை.

கேழ்வரகை முளைகட்டினாள். இருக்கியளா? ணங். கருகக் கருக வறுத்தாள். இருக்கியளா? ணங். ஊறல் போட்டு, பானை வாயைத் துணியால் கட்டி, வீரியம் போகாமல் களிமண் பூசினாள். உள்ளே பொங்கத் தொடங்கியது. இருக்கியளா?

டொக்.

பானையின் விலாவில் மயிரிழை விரிசல்.

பக்கத்து வீட்டு மாடத்தி ஓடிவந்தாள். "வாயைத் திறந்து விடுட்டி, வெடிச்சிரும்."

"திறந்தா காத்துப் பட்டுப் புளிச்சிரும் மதினி. புளிச்சா நானும் பானைதான்."

"திறக்கலைன்னா உன் புருஷன் ஓட்டாஞ்சில்லு."

விரிசல் ஒரு விரற்கடை நீண்டது. சிலம்பாயி கொல்லைக்கு ஓடி, பூசணி இலைத்தண்டு ஒன்றை ஒடித்தாள். உள்ளே ஓட்டையான தண்டு. ஒரு முனையைக் களிமண்ணில் துளைத்துச் செருகினாள். மறுமுனையை வளைத்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் முக்கினாள்.

பொளக். ஒரு குமிழி. உள்ளே இருந்த காற்று வெளியே வந்தது. வெளிக்காற்று உள்ளே போகவில்லை. பொளக். பொளக். ஆள் மூச்சு விடுவது போலவே. விரிசல் நின்றது. குமிழி அடங்கும் வரை அவள் விரிசல்மேலிருந்து உள்ளங்கையை எடுக்கவில்லை.

மலையில் கருநாக்கன் கிண்ணத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தான். நுரைக்குக் கீழே வெளிச்சம் நுழையவில்லை.

முதல் மிடறு. "கருக வறுத்த கேழ்வரகு."

இரண்டாம் மிடறு. "கருப்பட்டி. கசப்புக்கு வேப்பம்பூ." கண் சிவந்துவிட்டது.

மூன்றாம் மிடறை வாயில் வைத்து உருட்டினான். விழுங்கினான். "இன்னொண்ணு இருக்கு" என்றவன், பானையைப் பார்த்து உதட்டை இறுக மூடிக்கொண்டான்.

சிலம்பாயி கிண்ணத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். "வெறும் மண்ணுதான் சாமி. அதுக்கு மேல நாக்குக்கு எட்டலைன்னா விடுங்க. வயசாகுதுல்ல."

"எனக்கா எட்டலை? உப்பு. வேர்வை உப்பு. விரிசல் வழியா கசிஞ்சிருக்கு. இதுல மனுஷன் இருக்கான். இதுல மட்டுமா? இந்தக் கூடத்துப் பானை அத்தனையும் மனுஷங்கதான்."

நாக்கு சொல்லிவிட்டது.

கூடம் முழுக்கப் பானைகள் கை முளைத்து, கால் முளைத்து, இருமிக்கொண்டே எழுந்தன. கருநாக்கன் சபிக்க வாயைத் திறந்தான். தோப்பி ஏறியிருந்தது, நாக்கு புரளவில்லை. தன் சொல்லைத் தானே அடித்த அந்த நாக்கு, எல்லோரும் பார்க்கப் பார்க்க வெளுத்து, உங்கள் நாக்கு என் நாக்கு போல ஆகிவிட்டது. அதன்பிறகு அவன் என்ன சொன்னாலும் ஓர் இலைகூட அசையவில்லை.

மலைக்குப் பானை சுமப்பது அன்றோடு நின்றது. எந்த வீட்டில் தோப்பி வடித்தாலும் முதல் கிண்ணம் சிலம்பாயிக்கு என்றானது.

அன்று மலையிறங்கும்போது இருளப்பனின் விலாவில் மெல்லிய தழும்பு ஒன்று தெரிந்தது. அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நின்று, அவன் நெஞ்சை விரலால் தட்டினாள்.

"இருக்கியளா?"

"இருக்கேன்ட்டி. மெதுவா தட்டு. விலா வலிக்கு."