இலவச டிராக்கின் கடைசி வளைவு

கோவையில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில், கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்டச் சொல்லிக்கொடுத்துவந்தாள் ஜெசிந்தா. வயது இருபத்தாறு. அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவர் மகுடபதி, நாற்பத்தெட்டு. அவரும் மற்றவர்களைப் போல அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை கேள்வியோடு படியேறி வந்தார்.

"மாஸ்டர், கேம்ல தள்ளுபடி இன்னிக்கு முடியுது. இந்த மாசம் ஒதுக்கினதுல ஒண்ணுதான் வாங்க முடியும். ஜெர்மன் காரா, மழை பெய்யற டிராக்கா?"

"இதுவரைக்கும் என்னங்ணா வாங்கியிருக்கீங்க?"

"பதினோரு கார். ஆறு டிராக்."

"ஓட்டினது?"

மகுடபதி மழுப்பலாகச் சிரித்தார். "விலை இறங்கறப்போ வாங்கிப் போட்டுக்கறதுதான்."

"எங்கம்மா ஆடித் தள்ளுபடில சேலை எடுக்கற மாதிரி. பீரோ நிறைய இருக்கு, கட்டறது அதே நாலு." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கேம் சும்மா கிடைக்குதுன்னுதானே ஆரம்பிச்சீங்க?"

"ஆமா. அதுல ஒரு காரும் ஒரு டிராக்கும் இலவசம். நான் குவைத்தை விட்டு வந்தப்போ தம்பி திருமூர்த்தி அங்கயே இருந்துட்டான். என் கேம் ஸ்டியரிங்கை அவனுக்கு விட்டுட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. நம்ம ஊர் அஞ்சரைக்கு ரெண்டு பேரும் ஓட்டுவோம்."

"அப்புறம்?"

"கடைசி வளைவு அவனுக்கு வரவே வராது, மாஸ்டர். பிரேக்கைப் போட்டுத் தடுமாறுவான். நான் தாண்டிருவேன். எத்தனை வாரந்தான் ஜெயிக்கறது? சலிச்சுப்போச்சு. நல்ல டிராக்கா வாங்கிட்டுப் போயிட்டேன். வாங்காதவங்களை அங்க உள்ள விடாது. அவன் வீட்டுக்குப் பணம் அனுப்பறதுக்கே மூச்சு வாங்கறவன், கேமுக்கா செலவு பண்ணுவான்?"

ஜெசிந்தா திரைப்பக்கம் திரும்பினாள். அந்த இலவச டிராக்கைத் திறந்தாள். நண்பர்கள் பட்டியலில் திருமூர்த்தியின் பெயரைத் தட்டினாள். அவன் ஓட்டிய சுற்றுகள் தேதியோடு வரிசையாக வந்தன. கடைசிச் சுற்றை, அவன் ஓட்டியபடியே திரும்ப ஓடிக்காட்டும் நிழல் காராக ஓடவிட்டாள்.

"பிடிங்ணா பார்ப்போம்."

மகுடபதி துரத்தினார். கண்ணாடியில் செய்ததுபோலத் தம்பியின் கார் முன்னால் போனது. போகட்டும், கடைசி வளைவில் எப்படியும் தடுமாறுவான், உள்பக்கமாகப் புகுந்துவிடலாம் என்று பொறுத்திருந்தார்.

நிழல் கார் பிரேக்கைத் தொடவே இல்லை. வளைவை ஒரே வீச்சில் வழித்துக்கொண்டு போய், கோட்டைத் தாண்டி மறைந்தது.

இன்னொரு தடவை துரத்தினார். அப்போதும் அதே கதைதான். மூன்றாம் தடவை கை ஸ்டியரிங்கில் இருந்தது, கார் நகரவில்லை.

"இது அவன் தனியா ஓட்டினதா?"

"ஆமாங்ணா. பின்னால வர யாரும் இல்லை, வழி விட்டுக் குடுக்க."

தேதிகளைப் படித்தார். அத்தனையும் வெள்ளிக்கிழமை, ஐந்தரை தாண்டிய நேரம். அவர் வேறு டிராக்குக்குப் போன பிறகு ஓட்டியவை.

போன மாதம் தம்பி அனுப்பிய செய்தி ஞாபகம் வந்தது. 'அண்ணா, ஸ்டியரிங்கைப் பக்கத்து ரூம்காரர் கேட்டார். குடுத்துட்டேன்.' அந்த நேரம் புதுக் கார் ஒன்று கம்ப்யூட்டரில் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொண்டே, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டிருந்தார்.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கேட்டார். "அவன் மறுபடி வரணும்னா நான் என்ன வாங்கணும், மாஸ்டர்?"

"ஒண்ணும் வேண்டாங்ணா. வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு இதே காரை எடுத்துட்டு இந்த டிராக்குல வந்து நில்லுங்க."

"அவன்கிட்ட ஸ்டியரிங்கே இல்லையே. வரலைன்னா?"

ஜெசிந்தா திரையில் இருந்த தேதிகளை மேலிருந்து கீழாக விரலால் எண்ணினாள்.

"அவரு ஒம்பது வாரம் நின்னாருங்ணா."