பெட்டி பேர் சொல்லட்டும்

முப்பது வருஷம் டெலிபோன் கம்பி இழுத்த குழந்தைவேலு, ஓய்வு பெற்ற பிறகு ரவுட்டர் வேலை கற்றுக்கொள்ள வந்தார். சொல்லிக்கொடுத்த ரெஜினாவுக்கு வயது இருபத்தொன்பது. மனிதர் வீம்புக்காரர்தான், ஆனாலும் அவளை வாய் நிறைய டீச்சர் என்பார்.

அவர் தனியாகப் போட்ட முதல் லைன், மலை ஆஸ்பத்திரியையும் அடிவாரத்து ஆஸ்பத்திரியையும் இணைத்தது. நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் அதில்தான் இறங்கும்.

"தகவலை எந்த புரோட்டகால்ல கட்டி அனுப்பறீங்கண்ணா?"

"எச்.டி.எல்.சி.ங்கற முறையிலங்க. ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி ரவுட்டர்ப் பெட்டி, தானாவே பேசிக்குதுங்க. பிபிபிங்கற முறையைப் போட்டா, எதிர்ப் பெட்டிகிட்ட பேர் கொடு, பாஸ்வேர்ட் கொடுன்னு இழுக்கும். அது எதுக்குங்க டீச்சர்?"

மறுநாள் காலை ரெஜினா பஸ் ஏறி மலைக்குப் போனாள்.

பத்து மணிக்கு, அடிவாரத்தில் இருந்த குழந்தைவேலுவின் திரையில் லைன் விழுந்தது. அவர் பதறி எழுவதற்குள் திரும்ப வந்துவிட்டது. ரெஜினா போனில் கூப்பிட்டாள்.

"லைன் இருக்காண்ணா?"

"நான் போட்ட லைனாச்சே. எங்கே போகும்?" மீசையை முறுக்காத குறைதான்.

"இந்தப் பக்கம் யாரு?"

"மலை ஆஸ்பத்திரிங்க."

"இல்லீங்கண்ணா. அவங்க ரவுட்டரைக் கழட்டிட்டு, என் பையில இருந்த பெட்டியைச் சொருகியிருக்கேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஊர் ஜனங்களின் நோய்நொடி அத்தனையும் யாரென்று தெரியாத பெட்டிக்குப் போயிருக்கும். வெட்கமாக இருந்தது.

அவள் பழைய ரவுட்டரை மாட்டினாள். அவர் தன் இடத்திலிருந்தே முதலில் மலை முனையில் பிபிபி போட்டார், லைன் விழுந்தது. தன் முனையிலும் போட்டதும் எழுந்தது. இரண்டுக்கும் பேர், பாஸ்வேர்ட் எல்லாம் வைத்தார்.

மதியம் லைன் மறுபடி விழுந்தது. இந்த முறை எழவில்லை.

"அண்ணா, டாக்டர் காத்துட்டிருக்கார். அந்த பாஸ்வேர்டைக் கொஞ்சம் எடுத்து விடுங்க."

"அந்தப் பக்கம் யாருங்க?"

"நான்தாண்ணா, ரெஜினா."

டீச்சர் சொல்லி அவர் எதையும் தட்டியதில்லை. விரல் கீபோர்டு வரை போனது. திரையைப் பார்த்தார். மறுமுனைப் பெட்டி, கேட்ட பேரைச் சொல்லாமல் நின்றது.

"குரல் உங்களுதுதாங்க டீச்சர். பெட்டி பேர் சொல்லலையே. எடுக்கமாட்டேன்."

போனில் பெட்டியைக் கழற்றி மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு லைன் எழுந்தது. மலை ரவுட்டர் தன் பேரைச் சொல்லி உள்ளே வந்திருந்தது.

"டாக்டர் என்ன ஆனாருங்க?"

"அவர் அப்பவே சாப்பிடப் போயிட்டாருங்கண்ணா. மறுபடி என் பெட்டியைச் சொருகி உங்களைச் சோதிச்சேன்" என்றாள் ரெஜினா. குரலில் பெருமை வழிந்தது. "நாளைக்கு கிளாஸ்ல பிபிபி பாடத்தை நீங்களே நடத்துங்க. நான் பின் வரிசையில உட்கார்ந்துக்கறேன்."