தரையில் விழுந்த வெண்செண்பகம்

கூகைமலை முருகனுக்குத் தேர் கிடையாது, தங்கக் கவசம் கிடையாது. ஆனால் கோயிலுக்குக் கீழே, சோலைக்காட்டுக்குள் ஒரு நந்தவனம் இருந்தது. அதைக் கொத்தி, களையெடுத்து, ஓடையிலிருந்து குடம் குடமாக நீர் சுமந்து காத்து வந்தவர் ஒச்சப்பர். எழுதப் படிக்கத் தெரியாத ஏழை. கோயிலில் கிடைக்கும் ஒரு பட்டைச் சோற்றை மனைவி சிட்டம்மாளோடு பகிர்ந்து உண்டு காலம் தள்ளினார்.

எழுத்து தெரியாவிட்டால் என்ன, காட்டின் பருவமெல்லாம் அவருக்கு அத்துபடி. மனோரஞ்சிதம் இலையோடு இலையாகப் பச்சையாய் ஒளிந்திருந்து, மஞ்சள் பூத்த பிறகே மணக்கும் என்று அறிவார். ஐப்பசி மழை விட்ட விடியலில் பவளமல்லி எவ்வளவு கொட்டும் என்று முதல் நாளே சொல்வார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிப் புதரை மூன்று முறை கண்டவர். எது பூத்தாலும் சன்னதிக்கு எதிரே நின்று, "மனோரஞ்சிதம் கண்ணத் தொறந்திருச்சப்பா" என்று சேதி சொல்லிவிட்டுத்தான் கஞ்சி குடிப்பார்.

இருந்தாலும் அவர் உயிரெல்லாம் ஒரே ஒரு மரத்தில்தான் இருந்தது. அது வெண்செண்பகம். அந்த மலை முழுக்க அலைந்தாலும் அப்படி இன்னொன்று கிடைக்காது. சித்திரையில் மொட்டு வைக்கும். வைகாசி விசாகத்தன்று அதன் பூ ஒன்று முருகன் முடியில் ஏற வேண்டும். ஒச்சப்பர் விடியலில் குளித்து, தம் மூச்சுக்காற்றும் பூவில் படாதபடி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, அந்த நெடுமரத்தில் ஏறிப் பறித்து வருவார். முப்பத்தொரு விசாகம் இது தவறியதில்லை.

அந்த ஆண்டு மாசியில் வினை வந்தது. மரத்தைப் பற்றியிருந்த புல்லுருவியை வெட்ட ஏறியவர், கிளை முறிந்து கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு நொறுங்கிப்போயிற்று. இனி நடமாட்டம் இல்லை என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். மரமும் ஒரு பக்கம் பட்டுப்போனது. பட்ட மரத்தில் ஏற எவருக்கும் துணிவில்லை. தொரட்டியோ பாதி உயரம்கூட எட்டவில்லை.

"சாமிக்குன்னு ஏறுனவனச் சாமியே தள்ளி விட்டுருச்சு. இன்னும் என்னத்துக்குப் பூவும் புல்லும்?" என்று ஊரார் அவர் காதுபடவே சிரித்தார்கள்.

ஒச்சப்பர் வேறு வழி யோசித்தார். தரையில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்பது கோயில் வழக்கம். பறிக்க முடியாவிட்டால் விழுவதைத் தாங்கிக்கொள்ளலாம் அல்லவா? தினமும் விடியலில் கையை ஊன்றி உட்கார்ந்தபடியே நகர்ந்து மரத்தடிக்குப் போவார். துவைத்த வேட்டியின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையைச் சிட்டம்மாள் பிடிப்பார். அண்ணாந்து பார்த்துப் பார்த்து இருவருக்கும் கழுத்து இறுகிப்போனது.

அவ்வாண்டு மரம் விட்டது ஆறே மொட்டுகள். இரண்டு கருகின. இரண்டைக் குரங்கு தின்றது. ஒன்று இதழிதழாக உதிர்ந்து காற்றோடு போயிற்று. மிஞ்சியது ஒன்று. பாவம், அந்த ஒன்றை நம்பித்தான் அவர் சோறு உண்டார்.

அது விசாகத்தன்று காலையில் மலர்ந்தது. இருவரும் வேட்டியை விரித்துக் காத்திருந்தார்கள். ஒரு சுழற்காற்று எழும்பிற்று. பூ காம்போடு ஒடிந்து, வேட்டியின் ஓரத்தை உரசி, ஒரு சாண் தள்ளி மண்ணில் விழுந்தது.

ஐயோ, அந்த ஒரு சாண்! ஒச்சப்பர் வாய்விட்டு அழுதார்.

சிட்டம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏங்க, தண்ணி தெளிச்சுக் குடுத்துருவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவனுக்குத் தெரியுமே சிட்டு."

சற்று நேரத்தில் பூ வாங்க வந்தார் கோயில் பூசை செய்யும் சொக்குப் பண்டாரம். ஒச்சப்பர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். பண்டாரம் கெட்டவர் அல்லர். வழக்கத்தை மீறவும் அவருக்கு மனம் வரவில்லை.

"தரையத் தொட்டுருச்சே ஒச்சப்பா. விழுந்த பூவுல பவளமல்லியத் தவுர வேற எதையும் எடுக்குறதில்லையே. நான் என்ன செய்ய?"

"வேணாம் சாமி. எனக்குக் குடுப்பின அம்புட்டுத்தான்."

பண்டாரம் வெறுங்கையோடு மலையேறினார். ஒச்சப்பர் பூவைத் தொடவில்லை. விழுந்த இடத்திலேயே அது கிடக்க, அதன் முன்னால் குறுகி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரச் சொல்லி மனைவி அழைத்தும் அசையவில்லை. நண்பகலில் கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. அதிலும் நனைந்துகொண்டே இருந்தார்.

பிற்பகலில் முருகன் சப்பரத்தில் புறப்பட்டான். மலைப்பாதை நந்தவனத்தை ஒட்டி, செண்பக மரத்தடி வழியாகத்தான் இறங்கும். மேளச் சத்தம் நெருங்கியதும் ஒச்சப்பர் வழிவிட்டுச் சற்று ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டார். வெறுங்கையோடு அவன் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது.

சரியாக அந்த இடத்தில் முன்னால் தூக்கியவர் கால் சேற்றில் வழுக்கிற்று. தோள்மரம் மடாரென்று முறிந்தது. சப்பரம் சரிய, கட்டியிருந்த கயிறு அறுந்து, ஐம்பொன் முருகன் வழுக்கிக்கொண்டு இறங்கினான். "ஐயையோ, சாமி விழுந்துருச்சு!" என்று கூட்டம் அலறியது. மேளம் நின்றது.

ஆனால் அவன் சாயவில்லை. பீடத்தோடு சேற்றில் நிமிர்ந்து நின்றான். அவன் காலடியில், நசுங்காமல், அந்த வெண்செண்பகம் கிடந்தது.

பண்டாரம் முழந்தாளிட்டு, மண் ஒட்டியிருந்த அந்தப் பூவைக் கழுவாமல், துடைக்காமல் அப்படியே எடுத்து முருகன் முடியில் சூட்டினார். "தரையில விழுந்தது ஆகாதுன்னேன். நீயே தரைக்கு வந்து நின்னுட்டியேப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

முன்பு சிரித்தவர்களெல்லாம் ஒச்சப்பரின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். அவரோ எவரையும் பார்க்கவில்லை. தம் முடியாத இடுப்பை இழுத்துக்கொண்டு சேற்றில் ஊர்ந்து போய், முருகனின் பாதங்களைத் தடவினார்.

"அடி பட்டுருச்சாப்பா? எங்கயாச்சும் வலிக்குதா?"

விழுந்த வலி அறிந்தவர் அல்லவா! ஒன்றும் வேண்டாமல், இறைவனுக்கு வலிக்குமே என்று வருந்திய ஒச்சப்பரின் அன்புக்கு நம் வணக்கம்.