வடிவுக்கு விரல் பயிற்சி

கருவேலங்குறிச்சியில் சங்கரலிங்கம், ஆவுடையப்பன், பிச்சாண்டி என்று மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே ஓட்டு வீட்டில் இருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதற்கு மேல் ஒரு துரும்பையும் கிள்ளிப்போட மாட்டார்கள்.

நடுவுள்ள ஆவுடையப்பனுக்கு வடிவு என்று ஆறு வயது மகள். கெட்டிக்காரிதான், ஆனால் விரலில் பிடிமானம் இல்லை. பென்சில் நழுவும். சட்டைக்குப் பட்டன் போட வராது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று தினமும் காலையில் அழுவாள். அவள் அம்மா லெச்சுமி இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பும்போது, "நான் வர்றதுக்குள்ள பிள்ளைக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மூவரும் மண்வெட்டி எடுத்து, வாசலிலிருந்து பள்ளிக்கூடம்வரை ஒரு வழி வெட்டினார்கள். அழுகை நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தெரபி டீச்சர் ஜெசிந்தாவிடம் கூட்டிப்போனார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வீட்டுல விளையாட்டு மாதிரி மாவு பிசையட்டும், சுவரைத் தள்ளட்டும், நண்டு மாதிரி நடக்கட்டும். ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டீச்சர்.

வீட்டில் இருந்ததோ இட்லி மாவு. வடிவு பிசைந்தாள். விரலிடுக்கில் எல்லாம் வழிந்து ஓடியது.

"அண்ணே, மாவு நிக்க மாட்டேங்குது" என்றான் பிச்சாண்டி.

"வெயில்ல வச்சா இறுகும். ஆனா தரையில வச்சா எறும்பு வருமே" என்றார் சங்கரலிங்கம்.

நெடுநேரம் யோசித்து, மூவரும் மாவைத் தலையில் அப்பிக்கொண்டு மொட்டை வெயிலில் உட்கார்ந்தார்கள். மாவு இறுகியது, முடியோடு சேர்ந்து. வடிவுதான் துளித்துளியாகக் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். மூன்று தலைக்கு மூன்று நாள் பிடித்தது.

அடுத்தது சுவர். ஆவுடையப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. "பிள்ளை தள்ளி, சுவரு அந்தப் பக்கம் விழுந்துட்டா?"

அதனால் மூவரும் வெளியே போய், சுவரில் கையை ஊன்றித் தாங்கிக்கொண்டார்கள். உள்ளே வடிவு பத்து நிமிடம் தள்ளினாள். பிறகு சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் மூவரும் வேர்த்து விறுவிறுத்து அப்படியே நிற்கிறார்கள்.

"சத்தம் போடாத பிள்ளை, உள்ள வடிவு தள்ளிக்கிட்டு இருக்கா" என்றார் அப்பா, வடிவைப் பார்த்தே.

நண்டு நடையைக் கற்றுக்கொடுக்க நண்டே வேண்டும் என்று முடிவாகி, சந்தையிலிருந்து இரண்டு நண்டு வந்தது. கொடுக்கைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"கட்டிப்போட்டா எப்படிலே பாடம் நடத்தும்?" என்று சங்கரலிங்கம் அவிழ்த்துவிட்டார். ஒரு நண்டு பக்கவாட்டில் ஓடி வாய்க்காலில் இறங்கியது. இன்னொன்று பிச்சாண்டியின் சட்டை முதுகைக் கவ்வியது.

"ஐயோ, கழட்டுங்க!" என்று அவன் அலற, அண்ணன்கள் இருவரும் ஓடிப்போய்க் கதவைக் கழற்றினார்கள்.

வடிவு சித்தப்பாவைப் பிடித்து நிறுத்தினாள். ஆறு பட்டனையும் மளமளவென்று அவிழ்த்தாள். சட்டை நண்டோடு கீழே விழுந்தது. தன் விரல்களை அவளே ஒரு நிமிடம் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு குதித்தாளே ஒரு குதி!

மாதம் முடிந்ததும் டீச்சர் முன்னால் பட்டனை அவிழ்த்தாள், போட்டாள், மறுபடி அவிழ்த்தாள். டீச்சருக்குக் கொள்ளைச் சந்தோஷம். "பிரமாதம்! இனிமே வீட்டுல ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவ்வளவுதான். அடுப்பு, பாய், பாத்திரம் எல்லாம் தெருவுக்கு வந்தன. சமையல் தெருவில், சாப்பாடு தெருவில். நாலாம் நாள் லெச்சுமி கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். கூடவே மழையும் வந்தது.

எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கி, வடிவு தம்பியின் சட்டைக்கு ஒவ்வொரு பட்டனாகப் போட்டுவிட்டாள். லெச்சுமி அவளை இழுத்து உச்சி முகர்ந்தாள். பிறகு புருஷனைப் பார்த்துக் கத்தினாள்: "உள்ள போய்ச் சமைங்களேன்!"

"வீட்டுல ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்களே" என்று கையைப் பிசைந்தார் ஆவுடையப்பன்.

சங்கரலிங்கம் வானத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "கூரை இருந்தாத்தானே அது வீடு?"

அரை மணி நேரத்தில் ஓடு அத்தனையும் இறங்கிவிட்டது. மூவரும் நிம்மதியாக உள்ளே போய் அடுப்பு மூட்டினார்கள். மழை அணைத்தது. மறுபடி மூட்டினார்கள், மறுபடி அணைத்தது. பிச்சாண்டி ஒரு குடையை விரித்து அடுப்புக்கு மேலே பிடித்தான்.

சங்கரலிங்கம் பதறிப்போனார். "மடக்குலே அதை! மறுபடி வீடாயிரப் போகுது!"