தறி ஊரின் பற்கள்

அருமைநாயகம் பல் டாக்டர். ஈரோட்டுப் பக்கம் ஒரு தறி ஊரில் இருபது வருஷமாய்ப் பல் பிடுங்கியவர். ஐம்பது வயதில் என்ன தோன்றியதோ, கம்ப்யூட்டர் வைத்து ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று மறுபடி கல்லூரியில் சேர்ந்துவிட்டார். அவருக்கு வாய்த்த குரு ஷாநாஸ் பேகத்துக்கு அவர் மகள் வயசுதான். இவர் பயபக்தியோடு "மேடம்" என்பார். அவர் "சார்" என்பார்.

செல்போனில் வாயைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், சொத்தையா புண்ணா என்று கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடும். இதுதான் அவருடைய ஆராய்ச்சி. முதலில் தன் ஊர்க்காரர்களிடமே படம் கேட்டுப் பார்த்தார். முடிவு வந்ததும் தலை சுற்றியது. ஊரில் ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லையாம்.

இந்த முடிவை வைத்துத்தான் இலவசப் பல் வைத்திய வண்டி எந்த ஊருக்குப் போவது என்று தீர்மானிப்பார்கள். அப்படியே கொடுத்தால் வண்டி அவர் ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. மாற்றி எழுதவோ மனசு வரவில்லை.

"மிஷின் தப்பா சொல்லுதா மேடம்?"

"படங்களை நீங்க பார்த்தீங்களா?"

"ஒண்ணு விடாம. மிஷின் சொன்னது சரிதான்."

"அப்புறம் என்ன?"

"அந்த ஊர் வாய்க்குள்ள இத்தனை வருஷம் கை விட்டவன் நான். புகையிலை போட்டுப் போட்டு வெந்து கிடக்குது. அதுவும் பொய்யில்ல. ரெண்டும் எப்படி நிஜமா இருக்கும்? எனக்கு ஒண்ணுமே புரியல."

"கேட்டவங்க எல்லாரும் அனுப்பினாங்களா?"

"பாதிப் பேர் அனுப்பினாங்க. மிச்சப் பேர் அப்புறமா அனுப்புறோம்னாங்க. அதுவே பெரிசு மேடம்."

ஷாநாஸ், "உங்க வாயையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க சார். நானே பார்க்கிறேன்," என்றார்.

இது எதற்கு என்று குழம்பிக்கொண்டே போனை எடுத்தார். வாயைத் திறந்தார், மூடினார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷன் வெற்றிலையை மட்டும் விட்டதில்லை. கடைவாயில் ரெண்டு பல் போய், மிச்சமெல்லாம் காவி ஏறிக் கிடந்தது. எழுந்துபோய்க் கொப்பளித்துவிட்டு வந்தார். வெளிச்சம் சரியில்லை என்று ஜன்னல் பக்கம் நகர்ந்தார். எடுத்தார், அழித்தார். மறுபடி எடுத்தார், அதையும் அழித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்புறமா அனுப்புறேன் மேடம்."

"சரி சார்," என்றார் ஷாநாஸ். "உங்க ஊர்ல இப்படிச் சொன்னவங்க வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தச் சொல்லி எழுதுங்க."