கிழக்குக் கிளை

"அம்மா, மாமரம் சாகப் போகுது."

கோமதிநாயகம் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார். குளிக்கவில்லை. திருநீறு பூசவில்லை.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த மலையடிவார மடத்துக்கு அவள்தான் குரு. சீடரோ வயதில் மூத்தவர். அதனால் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவாள்.

"புல்லுருவியா அண்ணாச்சி?"

"ஆமாம்மா. எட்டின கிளையெல்லாம் வெட்டிட்டேன். உச்சியில எட்டாத இடத்துல பழுத்துக் கிடக்கு. கிழக்குக் கிளை ஒண்ணுதான் சுத்தமா நிக்குது. அதுலயும் பிடிச்சா மரம் போச்சு."

கீரைத்தண்டு ஒடிந்தது.

"உங்களுக்கு முந்தி குருவா இருந்த பெரியவர் கண்ணை மூடும்போது என் கையில கொடுத்த மரம்மா. என் கையில பட்டுப்போச்சுன்னா…"

"புல்லுருவியை யார் கொண்டுவர்றா?"

"பூங்கொத்திக் குருவி. கட்டைவிரல் தண்டி இருக்கும். புல்லுருவிப் பழத்தைத் தின்னுட்டு, பிசுபிசுன்னு ஒட்டுற விதையைக் கிளையில தேய்ச்சுட்டுப் போகுது. தேய்ச்ச இடத்துல முளைக்குது."

"எதுக்குத் தேய்க்குது?"

"மரத்தைக் கொல்லத்தான்!"

"அப்படியா? பிடிச்சுட்டு வாங்க. அதுக்கிட்டயே கேப்போம்."

பழைய மீன்வலை ஒன்றைக் கிழக்குக் கிளையின் முன்னால் கட்டினார். அடியிலேயே உட்கார்ந்தார். கஞ்சி ஆறிப்போனது. இலை அசைந்தாலும் எழுந்தார். 'டிக்' என்று குருவிச் சத்தம் கேட்டாலும் எழுந்தார்.

உச்சிவேளையில் ஒன்று சிக்கியது. பொத்திப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"அலகைப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

பார்த்தார். ஊசி மாதிரி நீளம். நுனி வளைந்திருந்தது.

"இது தேன்சிட்டு. பூவுல தேன் குடிச்சுட்டுப் போற பிள்ளை. பூங்கொத்திக்கு அலகு குட்டை. வாலும் கத்தரிச்சு விட்ட மாதிரி இருக்கும்."

"ரெண்டும் ஒரே நிறமா இருக்கேம்மா!"

"அக்கா தங்கச்சின்னா அப்படித்தான் இருப்பாங்க. ஒருத்தி செஞ்சதுக்கு இன்னொருத்தியை அடிப்பீங்களா?"

விரலைத் தளர்த்தினார். தேன்சிட்டு போய்விட்டது.

அவருக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. இதைப் பிடித்துக்கொண்டு ஓடிய நேரத்தில் பூங்கொத்தி வந்து தேய்த்திருந்தால்? திரும்ப ஓடினார். கிளை முழுக்கத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடி தடவிப் பார்த்தார்.

வெயில் சாயும்போது வலை ஆடியது.

இந்த முறை அலகைத்தான் முதலில் பார்த்தார். குட்டை. வாலைப் பார்த்தார். குட்டை.

"அம்மா! அகப்பட்டா திருடி!"

உலகம்மை ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள்.

அவர் கைக்குள் அந்தச் சின்ன நெஞ்சு படபடவென்று அடித்தது. எது குருவியின் துடிப்பு, எது தன் துடிப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

"கேளுங்க அண்ணாச்சி."

அவர் குனிந்தார். "உனக்கு இந்த மரம் என்ன பாவம் செஞ்சுது? ஏன் தேய்க்கிற?"

குருவி அவர் விரலில் எச்சமிட்டது.

"சீ!"

கை திறந்துகொண்டது. குருவி பறந்துவிட்டது.

விரலில் ஒரு விதை. கையை உதறினார். விதை விழவில்லை. நூல் நூலாக இழுத்தது. மற்ற கையால் பிடுங்கினார். அந்த விரலில் ஒட்டிக்கொண்டது. மறுபடி உதறினார். போகவில்லை.

பக்கத்தில் கிடைத்ததில் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

போய்விட்டது.

"அப்பாடா" என்றார்.

பிறகுதான் பார்த்தார்.

கிழக்குக் கிளையின் பட்டையில் ஈரமாக ஒரு கோடு. கோட்டின் நுனியில் விதை.

உலகம்மை அருகில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எதுக்குத் தேய்ச்சீங்க அண்ணாச்சி?"